பழைய கோச்சுகளுக்கு என்ன நிறம்?



இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1926இல் ஜார்ஜ் ரீடிங்ஸ் என்பவர் ஒரு கோச் கம்பெனியைத் தொடங்கினார். பெயர் பிளாக் அண்ட் ஒயிட் மோட்டார்வேஸ். பெயரில் சொன்னதையே வண்டியிலும் செய்தார். கறுப்பும் வெள்ளையும்தான் அதன் நிறங்கள். 1976 வரை அந்தப் பெயர் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓடியது. பழைய புகைப்படங்களுக்கு வண்ணமேற்றும் கலைஞர் ஒருவரிடம் இந்தக் கம்பெனி வண்டியின் படம் போய்ச் சேர்ந்தால், வேலை பாதிக்கு மேல் முடிந்தே வந்திருக்கிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவரோ தலையில் கைவைத்துக்கொள்வார்.

வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் கறுப்பு பெயின்ட் வெறும் கறுப்பாக இருப்பதில்லை. மேல்பக்கம் வானத்தை வாங்கி நீலம் காட்டும். வெள்ளைப் பலகையின் அடிப்பாகத்தில் சாலையின் மண்நிறம் ஏறியிருக்கும். புல்லோரம் நின்றால் பச்சை கசியும். ஓட்டுநரின் மார்பில் இருக்கும் உரிம வில்லைக்குச் சிவப்பு விளிம்பு, நடத்துநருடையதற்குப் பச்சை விளிம்பு. சன்னலுக்குள்ளே இருக்கைத் துணியின் பூவேலை தெரியும். இவற்றையெல்லாம் சரியாகச் செய்தால்தான் கறுப்பும் வெள்ளையும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நிறமே இல்லாத வண்டிக்கு இத்தனை பாடு என்றால், சிவப்பும் பச்சையும் பூசிய வண்டிக்கு எவ்வளவு பாடு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கோச் என்பது எது என்று பார்த்துவிடலாம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி இறக்கும் டவுன் பஸ் அல்ல அது. கடற்கரைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் உல்லாசப் பயணம் போகிறவர்களையும், ஊர்விட்டு ஊர் நெடுந்தூரம் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போன சொகுசு வண்டி. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கூரையில்லாத ஷராபாங்க் வண்டிகளாக ஓடியவை, 1930களில் மெத்தை இருக்கை, திரைச்சீலை, திறந்து மூடும் கூரை என்று வளர்ந்தன. அடிச்சட்டமும் எஞ்சினும் ஒரு கம்பெனி, பாடி கட்டுவது வேறொரு கம்பெனி. கரூரில் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. லேலண்ட், ஏ.இ.சி., பெட்ஃபோர்ட் ஆகியவை சேசிஸ் கொடுத்தன. ஹெண்டனில் டூப்ளே, பிளாக்பூலில் பர்லிங்கம், ஸ்கார்பரோவில் பிளாக்ஸ்டன், ஹோவ் நகரில் ஹாரிங்டன் ஆகியவை அதன்மேல் உடல் கட்டின.

இவற்றில் பரவலாக ஓடியது பெட்ஃபோர்ட் ஓ.பி. 1939இல் அறிமுகமாகி, போர் குறுக்கிட்டதால் 73 வண்டிகளோடு நின்று, 1945இல் மீண்டும் தொடங்கி 1951 வரை வந்தது. மொத்தம் 12,766 வண்டிகள். அதன்மேல் டூப்ளே கட்டிய 29 இருக்கை ‘விஸ்டா’ உடலில் பக்கவாட்டுப் பலகையின் குறுக்கே ஒரு வளைவுப் பட்டை இறங்கி ஓடும். அந்தப் பட்டைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், பட்டைக்கே மூன்றாவது நிறம் என்று வாங்கியவர் விருப்பப்படி பூசிக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு சின்ன முதலாளி, முதலாளிக்கு ஒரு நிறச்சேர்க்கை.

பெரிய கம்பெனிகளுக்கோ நிறமே முகவரி. பிரைட்டன் நகரின் சவுத்டவுன் என்றால் ஆப்பிள் பச்சையும் கிரீமும். கேன்டர்பரி பக்கத்து ஈஸ்ட் கென்ட் என்றால் மெரூனும் கிரீமும். போர்ன்மத்தில் எலியட் சகோதரர்கள் 1880இல் குதிரை வண்டிகளோடு தொடங்கிய ராயல் புளூ கம்பெனிக்கு ஆழ்ந்த நீலமும் கிரீமும். பர்மிங்கத்தைச் சுற்றி ஓடிய மிட்லண்ட் ரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பெனியின் பெயரை நம்பியும் ஏமாறக்கூடாது: ராச்டேலின் யெல்லோவே கோச்சுகள் போருக்குப் பின் ஓடியது கிரீமும் ஆரஞ்சுமாக. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் தூரத்தில் வரும் வண்டி யாருடையது என்று சொல்லிவிடும். இந்த அடையாளம் முழுவதையும் தின்றுவிட்டுச் சாம்பலை மட்டும் கொடுப்பதுதான் அந்தக் காலத்துக் கேமரா.

பழைய கோச்சுக்கு வண்ணமேற்றுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மனிதத் தோல், இலை, வானம், செங்கல் இவற்றுக்கெல்லாம் இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. முகத்துக்கு நிறம் போடுகிறவர் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாரும் பிடிக்க முடியாது. பேருந்தின் பெயின்டுக்கு அப்படி எல்லை கிடையாது; முதலாளி நினைத்தால் நீலம், மறுவருடம் நினைத்தால் பச்சை. அதே சமயம், அதற்குச் சரியான விடை என்று ஒன்று உண்டு. அந்த வண்டி அந்த நாளில் குறிப்பிட்ட ஒரு நிறத்தில்தான் நின்றது. அதை நேரில் பார்த்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஊகத்துக்கு வேண்டிய இடம் இருக்கிறது, தப்பிக்க இடமில்லை. வண்ணமேற்றும் வேலைகளில் இது தனியான பரீட்சை.

படத்தில் உள்ள சாம்பலின் அழுத்தத்தைப் பார்த்தே நிறத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பலரிடம் உண்டு. அது நடக்காது. வண்ணப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றக் கணினி பயன்படுத்தும் வழக்கமான கணக்கு ஒன்று இருக்கிறது: சிவப்பின் அளவில் ஏறக்குறைய 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டினால் வருவது சாம்பலின் அளவு. மூன்று எண்களைக் கூட்டி ஓர் எண்ணாக்கிய பிறகு, அந்த ஓர் எண்ணிலிருந்து மூன்றையும் திரும்ப எடுக்க வழியில்லை. நடுத்தரச் சிவப்பும், சற்றே அடர்ந்த பச்சையும், ஒருவகை நீலமும் ஒரே சாம்பலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேல்பாதி வெளிர், கீழ்ப்பாதி அடர்த்தி என்பதுவரை படம் சொல்லும். அதற்கு மேல் அது வாய் திறக்காது.

சொன்னதும் சில சமயம் பொய்யாக இருக்கும். ஃபிலிமின் கதை அது.

தொடக்ககாலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தகட்டின் பூச்சில் குறிப்பிட்ட சாயங்களைக் கலந்தால் பச்சையையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்தது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். நீலமும் பச்சையும் தெரியும்; சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கின் கீழே அதைத் தைரியமாகக் கழுவலாம் என்பதும் அதனால்தான். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளைக் கிராய்டனின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பெனி 1906இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் சாமானியர் கையில் இருந்த பெட்டிக் கேமராவுக்குள் அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கோடாக் 1931இல் வெளியிட்டு ஊரெங்கும் விற்ற வெரிகுரோம் ரோல் ஃபிலிம் ஆர்த்தோ வகைதான். அதன் இடத்தில் எல்லா நிறமும் உணரும் வெரிகுரோம் பான் வந்தது 1956இல்.

இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கால் நூற்றாண்டுதான் பழைய கோச்சுகளின் பொற்காலம். அந்த வண்டிகளின் குடும்பப் படங்களும் ரசிகர் படங்களும் ஏராளமாக இந்த வகை ஃபிலிமில் எடுக்கப்பட்டவை.

விளைவை இரண்டு வண்டிகளை வைத்துப் பார்க்கலாம். மிட்லண்ட் ரெட் வண்டி ஒன்றை 1930களின் வெயிலில் ஆர்த்தோ ஃபிலிமில் பிடித்தால், பளிச்சென்ற சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும். வண்ணமேற்றுகிறவர் படத்தின் அழுத்தத்தைத் தொடாமல் அதன்மேல் சிவப்பை மட்டும் படரவிட்டால் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் ஒரு வண்டி எழுந்து நிற்கும். பர்மிங்கத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் இது எந்த ஊர்க் கம்பெனி என்று கேட்பார். ராயல் புளூ வண்டியின் கதை நேர்மாறானது. ஆழ்ந்த நீலம் இந்த ஃபிலிமில் வெளிறிப்போகும். பக்கத்தில் இருக்கும் கிரீமோடு அதற்குள்ள வேறுபாடு குறைந்துவிடும். பார்க்கிறவர் இதை வெளிர்நீலம் என்றோ சாம்பல் என்றோ எடுத்துக்கொள்வார். வானமும் அப்படித்தான். நீலவானம் வெள்ளைத்தாளாக விழுந்திருக்கும். அந்த வெள்ளையில் அவசரப்பட்டு நீலத்தைப் பூசினால், மேகமும் இல்லாமல் ஆழமும் இல்லாமல் புதிதாக வெள்ளையடித்த சுவர்போல நிற்கும்.

ஆகவே, கலைஞர் முதலில் கேட்க வேண்டியது இந்த வண்டி என்ன நிறம் என்பதல்ல, இந்தப் படம் எந்த ஃபிலிம் என்பது. படத்துக்குள்ளேயே சாட்சி கிடைக்கும். உதடுகள் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கிறதா, வெயிலில் கன்றிய முகம் அழுக்குப்படிந்ததுபோல் இருக்கிறதா, சிவப்பு என்று உறுதியாகத் தெரிந்த அஞ்சல் பெட்டி ஒன்று ஓரத்தில் கறுப்பாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வண்டியின் சாம்பலையே முதலில் திருத்தியாக வேண்டும். மூலப் படத்தின் ஒளியளவைத் தொடவே கூடாது என்று கட்டுப்பாடு பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டுப்பாடு பக்தியாகத் தெரிந்தாலும், ஆர்த்தோ ஃபிலிமைப் பொறுத்தவரை அது தவறுக்கே வழி.

ரயில் எஞ்சின் செய்தவர்கள் இந்தத் தொல்லைக்கு அந்தக் காலத்திலேயே ஒரு தந்திரம் கண்டிருந்தார்கள். புது எஞ்சினை அதிகாரபூர்வமாகப் படம் எடுப்பதற்காகவே அதற்கு மங்கிய சாம்பல் பெயின்ட் அடிப்பார்கள். அப்போதுதான் ஆணியும் இணைப்பும் தெளிவாகத் தெரியும். படம் எடுத்து முடிந்தபிறகுதான் உண்மையான நிறம். அந்தப் படத்தை இன்று எடுத்து அழகான பச்சை பூசுகிறவர், அந்தக் கணத்தில் இல்லாத ஒன்றைப் பூசுகிறார். சாம்பலாகவே விடுகிறவர்தான் உள்ளதைக் காட்டுகிறார். யாராவது அப்படி விடுவார்களா என்பது வேறு கேள்வி.

நிறம் படத்துக்குள் இல்லை என்றால் எங்கே கிடைக்கும்? காகிதத்தில் கிடைக்கும். பேருந்து வரலாற்றைச் சேகரிக்கும் பித்து பிரிட்டனில் பழையது. ஆம்னிபஸ் சொசைட்டி 1929இல் தோன்றியது. பி.எஸ்.வி. சர்க்கிள் 1943இல், போருக்கு நடுவில் தொடங்கியது. எந்தக் கம்பெனி எந்தச் சேசிஸை எந்த ஆண்டு வாங்கியது, யார் பாடி கட்டினார்கள், பிறகு யாருக்கு விற்றார்கள் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஜாதகத்தைத் திறக்கும் சாவி நம்பர் பிளேட். எச்.ஏ. என்ற எழுத்துகள் ஸ்மெதிக் நகரில் பதிவானது என்று சொல்லும், அது மிட்லண்ட் ரெட் வண்டிகளில் அதிகம் காணப்பட்டது. யு.எஃப். என்றால் பிரைட்டன், சவுத்டவுன் பக்கம். எஃப்.என். என்றால் கேன்டர்பரி. எல்.ஜே. என்றால் போர்ன்மத். கூட்டம் மறைத்து நிற்கும் படத்திலும் நான்கைந்து எழுத்துகள் தெரிந்துவிட்டால் போதும், கம்பெனியும் ஆண்டும் கைக்கு வரும்.

நம்பர் பிளேட்டின் நிறமும் அடிக்கடி சறுக்குகிற இடம். பிரிட்டிஷ் வண்டி என்றால் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்று இன்றைய கண் பழகியிருக்கிறது. அந்த ஒளிர்பலகை புது வண்டிகளுக்குக் கட்டாயமானது 1973 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் கறுப்புப் பலகையில் வெள்ளை அல்லது வெள்ளி எழுத்து. 1948ஆம் ஆண்டு பெட்ஃபோர்டின் பின்புறத்தில் மஞ்சள் பலகை போட்டால், எம்.ஜி.ஆர். படத்தில் நாயகன் செல்ஃபோன் பேசுவதுபோல் இருக்கும்.

ஆண்டும் தெரிந்தாக வேண்டும். ஒரே வண்டி தன் ஆயுளில் பல சட்டை மாற்றியிருக்கும். 1939 செப்டம்பர் முதல் இருட்டடிப்பு. முகப்பு விளக்குகளுக்கு மூடி, மட்கார்டு ஓரங்களுக்கு வெள்ளைப் பூச்சு. போர்க்காலத்தில் கட்டப்பட்ட பெட்ஃபோர்ட் ஓ.டபிள்யூ.பி. வண்டிகள் பலவும் மங்கிய சாம்பலிலோ பழுப்பிலோதான் பட்டறையை விட்டு வெளியே வந்தன. போர் முடிந்து 1948இல் டில்லிங் என்ற பெரிய கம்பெனிக் குழு அரசுடைமையானபோது, டில்லிங் சிவப்பு, டில்லிங் பச்சை என்ற இரண்டு நிறங்கள் நாடெங்கும் பரவின. 1969இல் அரசுடைமைக் கம்பெனிகளை ஒன்றாக்கி நேஷனல் பஸ் கம்பெனி வந்தது. 1972இல் அது எல்லா ஊர் நிறங்களையும் ஓரங்கட்டிவிட்டு, சாதாரணப் பேருந்துகளுக்கு ஒரே மாதிரிச் சிவப்பு அல்லது பச்சை, நெடுந்தூரக் கோச்சுகளுக்கு முழு வெள்ளை என்று ஆணையிட்டது. சவுத்டவுனின் ஆப்பிள் பச்சையும் ராயல் புளூவின் நீலமும் அந்த வெள்ளைக்குள் போயின. நிர்வாகத்துக்கு அது சிக்கனம். நிறத்தை நேசித்தவர்களுக்கு ஆறாத கோபம். பழைய படங்களுக்கு வண்ணமேற்றுகிறவர்களில் பலரை இந்த வேலைக்குள் தள்ளியதே அந்தக் கோபமாக இருக்கலாம்.

காகிதம் ‘பச்சையும் கிரீமும்’ என்றுதான் சொல்லும். எந்தப் பச்சை? இங்கே பெயின்ட்தான் பேச வேண்டும். பிரிட்டனில் பெயின்ட் நிறங்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்திய பி.எஸ். 381 என்ற தரநிலை 1930இல் வந்தது. ஒரு கம்பெனி அந்த எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் நல்ல காலம். இல்லாவிட்டால், எங்கோ கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்து மீட்கப்பட்ட வண்டியின் பலகையை மெல்லத் தேய்த்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக இருக்கும் பழைய பூச்சுகளைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. போருக்கு முந்தைய வண்டிகளுக்குப் பெயின்டின் மேலே வார்னிஷ் அடிப்பார்கள். வார்னிஷ் வயதாக ஆக மஞ்சளிக்கும். அதன் அடியில் உள்ள கிரீம் வெண்ணெய் நிறத்துக்குப் போகும், நீலத்தில் பச்சை தட்டும். கலைஞர் காட்ட வேண்டியது பட்டறையை விட்டு வந்த நாளின் நிறத்தையா, ஐந்து கோடைகள் ஓடிய பிறகான நிறத்தையா? பெரும்பாலோர் புதுசையே காட்டுகிறார்கள். வண்ணமேற்றிய படங்களில் எல்லா வண்டியும் அன்று காலையில்தான் கழுவித் துடைத்ததுபோல் பளபளப்பதற்கு இதுவே காரணம்.

பாதுகாக்கப்பட்ட வண்டிகள் நிறைய இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தால் தெரியாதா? தெரியும், ஓரளவுக்கு. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய வணிக வாகனங்கள் ஊர்வலமாகப் போகும் ஓட்டம் 1962 முதல் நடக்கிறது. சசெக்ஸில் ஆம்பர்லி அருங்காட்சியகத்தில் சவுத்டவுனின் ஆரம்பகால வண்டிகளை ஒரு கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்று ஓடும் வண்டி இன்றைய பெயின்டில் ஓடுகிறது. சில வண்டிகளுக்கு உரிமையாளர், தாம் சிறுவயதில் நேசித்த வேறொரு கம்பெனியின் நிறத்தைப் பூசியிருப்பார். ஆதாரம் என்று அதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய பாசத்தையும் சேர்த்து வரலாற்றில் ஏற்றியவர்களாவோம். வண்ண ஸ்லைடுகளைத்தான் இன்னும் கொஞ்சம் நம்பலாம். கோடாக்குரோம் 1935இல் சினிமா ஃபிலிமாகவும் அடுத்த ஆண்டு 35 மில்லிமீட்டர் கேமராவுக்கும் வந்துவிட்டது. விலைதான் கைக்கு எட்டவில்லை. பேருந்து ரசிகர்கள் நெடுங்காலம் கறுப்பு-வெள்ளையிலேயே இருந்தார்கள்.

ஆதாரம் கையில் வந்தபிறகு நடக்கும் கைவேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். படத்தை அதிக நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் நீக்கி, தேவையானால் சாம்பலைத் திருத்தி, ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அடுக்கு வைத்து, ஒளியைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் முறையில் பூசுகிறார்கள். கத்துக்குட்டியையும் தேர்ந்தவரையும் பிரித்துக் காட்டும் இடங்கள் வேறு. டயர் முழுக் கறுப்பு அல்ல, சாலைப் புழுதி ஏறிய பழுப்புச் சாம்பல். குரோமியப் பட்டைக்குச் சொந்த நிறமே கிடையாது. மேலே வானம், கீழே தரை, நடுவில் எதிரே நிற்கும் ஆள். ஏ.இ.சி. வண்டி என்றால் ரேடியேட்டரின் நெற்றியில் நீல முக்கோணம். கோடைகாலப் படத்தில் ஓட்டுநர் நீண்ட வெள்ளைக் கோட்டு அணிந்து நின்றால் அதை மருத்துவர் என்று நினைக்கக் கூடாது. திறந்த வண்டிக் காலத்தில் தூசிக்காக வந்த கோட்டு அது, பிறகு மரபாகிவிட்டது.

இனி இயந்திரம். இவ்வளவு பாடும் எதற்கு, ஃபோனில் ஒரு பொத்தானைத் தட்டினால் நிறம் வந்துவிடுகிறதே என்று கேட்கும் தலைமுறை இது. அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். மனிதர் ஆங்காங்கே வண்ணக் கோடு கிறுக்கினால், ஒரே மாதிரி ஒளியுள்ள பகுதிகளுக்கு அந்த நிறம் தானே பரவும். நிறத்தை முடிவுசெய்தவர் அங்கே மனிதர்தான். 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் இசோலா, அலெக்ஸி எஃப்ராஸ் ஆகியோர் அந்த முடிவையும் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களை எடுத்து, நிறத்தை உருவி, சாம்பலிலிருந்து நிறத்தைச் சொல்லப் பழக்கினார்கள்.

அவர்கள் சந்தித்த சிக்கல் நம் கோச்சின் சிக்கலேதான். ஒரு வண்டி சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம் என்றால், தவறு குறைவாக வரவேண்டும் என்று பயிற்சி பெற்ற இயந்திரம் எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து ஒரு மங்கிய பழுப்பைப் போட்டுவிடும். அதைத் தவிர்க்க, நிறங்களை 313 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தக் கட்டம் பொருந்தும் என்று கணிக்கவிட்டு, அரிய நிறங்களுக்குப் பயிற்சியில் கூடுதல் எடை கொடுத்தார்கள். படங்கள் துடிப்பாக வந்தன. உண்மைப் படத்தையும் இயந்திரத்தின் படத்தையும் மக்களிடம் காட்டியபோது, 32 சதவீதம் முறை இயந்திரத்தின் படத்தையே உண்மை என்று தேர்ந்தார்கள். அந்த ஆய்வாளர்கள் நேர்மையாகவே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்: தங்கள் நோக்கம் நம்பத்தக்க நிறமே தவிர, இருந்த நிறம் அல்ல. அந்த வரியைத்தான் பின்னால் வந்த செயலிகளின் விளம்பரங்கள் மறந்துவிட்டன.

2018இல் ஜேசன் ஆன்டிக் வெளியிட்ட டிஓல்டிஃபை என்ற வண்ணமேற்றும் மென்பொருள், 2020இல் குடும்ப வரலாற்றுத் தளமான மைஹெரிடேஜ் அதைக் கொண்டு தொடங்கிய சேவை, அதே ஆண்டு ஃபோட்டோஷாப்புக்குள் வந்த தானியங்கி வடிகட்டி என்று வேகமாக வளர்ந்துவிட்டது. முகத்துக்கும் புல்லுக்கும் இவை நன்றாகவே செய்கின்றன, மறுக்க வேண்டியதில்லை. கோச்சுக்கு மட்டும் இவை குருட்டடி அடிக்கின்றன. நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆவணத்தைப் புரட்ட இவற்றுக்குத் தெரியாது. இன்னொரு குறையும் இருக்கிறது. இவற்றுக்குப் பயிற்சி கொடுத்த சாம்பல் படங்கள் இன்றைய வண்ணப் படங்களிலிருந்து கணக்குப்போட்டு எடுத்தவை. அவற்றில் சிவப்பு சிவப்புக்கு உரிய சாம்பலில் இருக்கும். 1930களின் ஆர்த்தோ ஃபிலிம் எழுதிய சாம்பல் வேறு மொழி. ஏறக்குறையக் கறுப்பாக விழுந்த மிட்லண்ட் ரெட் வண்டியை இயந்திரம் பார்த்தால் அதற்குத் தெரிவது கறுத்த வண்டி ஒன்றுதான்.

நிறமேற்றுவதே பாவம் என்று சொல்கிற கட்சியும் உண்டு. அவர்கள் வழக்கு வலுவில்லாததல்ல. 1980களில் அமெரிக்காவில் ஊடக முதலாளி டெட் டர்னர் பழைய ஹாலிவுட் படங்களுக்குக் கணினியால் நிறம் ஏற்றியபோது, இயக்குநர்கள் கொதித்தார்கள். இயக்குநர் ஜான் ஹஸ்டனின் ‘தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்’ படத்தின் வண்ணப் பிரதியைப் பிரான்ஸில் ஒளிபரப்பக் கூடாது என்று அவருடைய வாரிசுகள் தொடுத்த வழக்கில், அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1991இல் அவர்கள் பக்கம் நின்றது. அங்கே கேள்வி படைப்பாளியின் உரிமை. ஒளியையும் நிழலையும் வைத்தே யோசித்து எடுத்த படம் அது. இங்கே சென்னை வாகினி ஸ்டுடியோவில் உருவான ‘மாயாபஜார்’ தெலுங்குப் படம் 2010இல் நிறமேறி வந்தபோது மக்கள் கொண்டாடினார்கள் என்பதும் உண்மை. ஆனால் பெட்ஃபோர்ட் முன்னால் குடும்பத்தை நிறுத்திப் பெட்டிக் கேமராவில் சுட்டவர் கறுப்பு-வெள்ளையைக் கலையாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கடையில் கிடைத்ததை வாங்கினார்.

மிகக் கடுமையான உதாரணம் 2021இல் நடந்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு நிறமேற்றிய ஒருவர், சில முகங்களில் இல்லாத புன்னகையையும் சேர்த்திருந்தார். வெளியிட்ட ஊடகம் கண்டனத்துக்குப் பிறகு அவற்றை நீக்கியது. கோச்சின் பெயின்டைத் தவறாகப் போடுவதும் அதுவும் ஒன்றல்ல, ஒப்பிடுவதே அபத்தம். ஆனாலும் இரண்டிலும் நடப்பது ஆதாரமில்லாத ஒன்றைப் படத்தின் வாயில் திணிப்பது. வண்ணமேற்றிய பிரதி இணையத்தில் ஓடத் தொடங்கியதும் மூலத்தை அது முந்திவிடுகிறது. அடுத்து ஒரு மாதிரி வண்டி செய்கிறவர் அந்தத் தவறான பச்சையைப் பார்த்துப் பூசுகிறார். அதற்கடுத்தவர் அந்த மாதிரி வண்டியை ஆதாரமாகக் காட்டுகிறார்.

இதற்கு மருந்து சிக்கலானதல்ல. மைஹெரிடேஜ் தன் படங்களின் மூலையில் வண்ணத்தட்டு முத்திரை ஒன்றைப் பதிக்கிறது, பிறகு யாரும் அதை அசல் வண்ணப்படம் என்று எடுத்துக்கொள்ளாதபடிக்கு. கோச் படங்களுக்கு அது போதாது. மூலப் படத்தைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கீழே இரண்டு வரி எழுத வேண்டும்: வண்டியின் பச்சை கம்பெனி ஆவணத்திலிருந்து, இருக்கைத் துணியின் நிறம் ஊகம், பின்னால் நிற்கும் பெண்ணின் உடை கலைஞரின் விருப்பம். இப்படி எழுதினால் ஒரு வண்ணப்படம் ஆராய்ச்சிக் கட்டுரைக்குரிய மதிப்பைப் பெறும். எழுதாவிட்டால் அது அழகான வாழ்த்து அட்டை, அவ்வளவுதான்.

இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டை மாடிப் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்குக் கப்பலேறி வந்து கொழும்புச் சாலைகளில் இரண்டாவது பிறவி எடுத்தன. லேலண்ட் எண்ணூருக்கு வந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. பிரிட்டனில் ஊர் நிறங்கள் ஒரே நிறத்துக்குள் போன அதே 1972இல்தான், தமிழகத்தில் தனியார் வழித்தடங்கள் அரசுடைமையாகிச் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் உருவாயின. அதற்கு முன்னால் நம் ஊர்களில் ஓடிய கம்பெனி வண்டிகளுக்கு என்னென்ன நிறங்கள் இருந்தன என்பதற்கு பி.எஸ்.வி. சர்க்கிள் போன்ற ஒரு பதிவு இங்கே வேண்டும்.

வீட்டில் பழைய பஸ் ஒன்றின் கறுப்பு-வெள்ளைப் படம் இருப்பவர்கள் அதைச் செயலியில் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். படத்தை நல்ல முறையில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். அந்த வண்டியில் போனவர்கள், ஓட்டியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேட்டு, கம்பெனி, வழித்தடம், ஆண்டு, மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டு, படத்தோடு சேர்த்து வையுங்கள். வண்ணம் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எண்பது வயது தாண்டிவிட்டது.